நீலக் கோட்டைத் தேடுங்கள்

பிப்ரவரி 6, 2023, திங்கள்

காலையில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் எஸ்தர். வங்கியில் வேலையாம், மிச்ச நேரமெல்லாம் காமிக்ஸ் பைத்தியமாம். அவளே அப்படித்தான் சொன்னாள், அதுவும் பெருமையாக. இந்த மாதக் கடைசியில் அவர்கள் ஊரில் மூன்று நாள் சித்திரக்கதைத் திருவிழா. கார்டு ரத்தினத்துக்கு நாற்பது வயது ஆகிறதாம். அதனால் இந்த முறை விழாவே அவன் பேரில்தானாம்.

இந்த நோட்டு கடைசியில் பழைய பேப்பர்காரனிடம்தான் போகப்போகிறது. அவன் பிரித்துப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். கார்டு ரத்தினம் கூட்ஸ் ரயிலின் கார்டு. ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு பச்சைக் கொடியையும் வைத்துக்கொண்டு கொள்ளைக்காரர்களைப் பிடிப்பவன். 1983 முதல் 1994 வரை, பதினோரு வருஷம், ஒரு வாரப் பத்திரிகையில் வாரம் இரண்டு பக்கம் வந்தான். அவனை வரைந்தவன் நான். என் பெயர் வைரவன். நான் பென்சிலில் முழுப் பக்கமும் வரைந்து கொடுப்பேன். மைதீன் என்று இன்னொரு ஓவியர் அதன்மேல் கறுப்பு மை ஓட்டுவார். போட்டு முடித்த கோலத்துக்குக் காவி இடுகிற வேலை, அவ்வளவுதான். பத்திரிகையில் ‘ஓவியம்: மைதீன் – வைரவன்’ என்று போடுவார்கள். 94இல் எல்லாவற்றையும் சேர்த்துத் தடிப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது ‘ஓவியம்: மைதீன்’ என்று மட்டும் இருந்தது. அன்றைக்குப் பத்திரிகையை விட்டு எழுந்து வந்தவன், இன்றுவரை அந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

விழாவில் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளுக்குத்தான் பாராட்டாம். ‘ரத்தினத்துக்கு முகம் தந்தவர்’ என்று பட்டம் வேறு. எனக்கு?

“சார், விழாவுக்கு வர்றவங்களுக்காக நீங்க ஒரு பத்து டிப்ஸ் எழுதித் தரணும். கையேட்டுல போடறோம். எங்க சாப்பிடலாம், எந்தக் கடைய மொதல்ல பாக்கலாம், கொழந்தைங்கள எப்படிச் சமாளிக்கலாம்னு, ஜாலியா.”

முகம் தந்தவருக்கு மேடை. எனக்குக் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கைகாட்டுகிற வேலை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அந்தப் பெண் மறுபடியும் போன் செய்து, பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னாள். கார்டு ரத்தினத்தின் மூலப் பக்கங்கள் இருநூறு அந்த ஆள் வீட்டில் இருக்கின்றனவாம். அச்சகத்தில் குப்பையில் போட இருந்ததை அப்போதே அள்ளி வந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அதில் அறுபதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறார்களாம்.

நான் எப்போதும் வெளிர்நீலப் பென்சிலில்தான் வரைவேன். அச்சகத்தில் பக்கத்தைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது, கறுப்பு மட்டும்தான் தெரியும். அதனால் மை ஓட்டியபின் பென்சில் கோட்டை அழிக்க வேண்டியதில்லை. அச்சில் வந்த பக்கத்தில் என் கோடு ஒன்றுகூட இருக்காது. மூலப் பக்கத்தில் அத்தனை கறுப்புக்கும் அடியில் என் நீலம் அப்படியே கிடக்கும்.

இருபத்தொன்பது வருஷமாக என் பேச்சுக்குச் சாட்சி இல்லை. இப்போது அந்த ஆளே அறுபது சாட்சிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டத்தில் கேள்வி நேரம் உண்டு என்று எஸ்தரிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே எழுந்து நின்று, மொத்தக் கூட்டத்தையும் அந்தச் சுவருக்கு அழைத்துப்போவேன். முகம் யாருடையது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

மாலையில் மோட்டார் ரிப்பேர். மேல்வீட்டுக்காரர் நான்தான் ஓடவிட்டுக் கெடுத்தேன் என்கிறார். அவர் மூஞ்சியும் அவரும்.

பிப்ரவரி 9, வியாழன்

மனைவி சுலோச்சனாவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கி வந்தேன். கடைக்காரன் பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்த்தான். விடவில்லை.

திண்டுக்கல் போவதை இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

“ஏங்க, இத்தனை வருஷம் கழிச்சு அங்க போயி என்னத்த நிரூபிக்கப் போறீங்க?”

“ரத்தினத்தோட முகம் நான் போட்டதுன்னு.”

அவள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, “கல்யாணம் ஆன புதுசுல என்னைய ஒரு படம் போட்டீங்களே. எங்கம்மா பாத்துட்டு, இது மாப்பிள்ளையோட சித்தியான்னு கேட்டாங்க” என்றாள்.

மாமியாருக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் படம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அவள் அதை மாட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

குறிப்புகள் எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான்:

வராதீர்கள். வீட்டில் மின்விசிறி இருக்கிறது.

வந்தே தீருவேன் என்றால் கதவு திறக்கும்போதே வாருங்கள். பத்து மணிக்கு வந்தால், நல்ல இதழ்களை ஒன்பதரைக்கே கடைக்காரர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது அட்டை இல்லாதது.

பழைய புத்தகத்தை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிப் பரவசப்படாதீர்கள். அது கரப்பான் மருந்து.

மகனுக்கு வாங்குகிறேன் என்று சொல்லித் தனக்கு வாங்கும் அப்பாக்கள், ஊர் நம்ப வேண்டுமானால், அந்த மகனையும் கூட்டி வரவும்.

திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிடாமல் போகக் கூடாதுதான். சாப்பிட்ட கையோடு வந்து பக்கத்தைப் புரட்டுகிறவன் விளங்க மாட்டான்.

ஓவியரைப் பார்த்தால் “இன்னும் வரையறீங்களா?” என்று கேட்காதீர்கள். “இன்னும் இருக்கீங்களா?” என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான்.

(அந்தக் கேள்விக்கு என் பதில்: வரைகிறேன். 94க்குப் பிறகு பள்ளிக்கூட கைடுகளுக்கு வரைந்தேன். தவளையின் ஜீரண மண்டலம், நீராவி இயந்திரத்தின் குறுக்குவெட்டு, பூவின் பாகங்கள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் என் தவளையைப் பார்த்துத்தான் பாஸ் செய்திருக்கிறார்கள். பெயர் அதிலும் கிடையாது.)

கோபம் தீர எழுதிவிட்டு அப்படியே எஸ்தருக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்லட்டும்.

பிப்ரவரி 13, திங்கள்

“சார், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. மொத டிப்ஸ மட்டும் எடுத்துடறேன், மத்ததெல்லாம் சூப்பர். இன்னும் ஒண்ணு ரெண்டு குடுங்க சார்.”

வயிற்றெரிச்சலில் எழுதினால் இவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

இந்த ஒன்றை மட்டும் பதினோரு தடவை அடித்து எழுதினேன்:

“மூல ஓவியங்கள் மாட்டியிருக்கும் அறையில் நாலடி தள்ளி நின்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். கிட்டே போங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கறுப்பு மைக்கு அடியில் ஒரு வெளிர்நீலக் கோடு ஓடுவது தெரியும். அந்த நீலக் கோட்டைத் தேடுங்கள். அதுதான் வரைந்தவனின் கை. மற்றதெல்லாம் மை.”

அனுப்பியாயிற்று. எஸ்தருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாவம், என்ன அச்சடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 18, சனி

ரயில் டிக்கெட் போட்டேன். சலவைக்காரர் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டிக் கறை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு அதைத்தான் நினைத்திருந்தேன். சண்டை.

பிப்ரவரி 23, வியாழன்

மாலை ஏழரைக்கெல்லாம் திண்டுக்கல். ஜங்ஷனுக்கு எஸ்தர் ஸ்கூட்டரில் வந்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். சட்டையில் ரத்தினத்தின் படம். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவள் அப்பா அந்தத் தடிப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தாராம். “ரத்தினம் பாக்குற பார்வையிலயே பாதிக் காய்ச்சல் போயிருச்சு சார்” என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் புத்தகத்தில் என் பெயர் இல்லை என்பது ஞாபகம் வந்து நன்றாக இல்லாமல் போயிற்று.

லாட்ஜ் தண்ணீர் உப்பு. தலையணை கல். கொசுவர்த்தி கேட்டால் ரிசப்ஷனில் இருப்பவன் சுவரைப் பார்க்கிறான்.

பிப்ரவரி 24, வெள்ளி

கல்யாண மண்டபம். நுழைவாயிலில் வாழைமரத்துக்குப் பதில் ஆளுயர ரத்தினம் இரண்டு பக்கமும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே எத்தனை தொந்தி இருந்ததோ அத்தனையின்மேலும் அவன் முகம். ஒருவர் மூச்சு விட்டால் ரத்தினம் சிரிக்கிறான்.

சேகரிப்பாளர்கள் என்று ஒரு கூட்டம். பழைய இதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை இன்னொரு உறையில் போட்டு, அதைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கரூரிலிருந்து வந்தவர் ஒருவர் முதல் இதழ் வைத்திருந்தார். காட்டுங்கள் என்றேன்.

“பாக்கலாம். தொடக்கூடாது.”

“நான் வரைஞ்சதுய்யா அது.”

“இருக்கட்டும் சார். கை வேர்வை எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “இன்னும் வரையறீங்களா சார்?” என்று கேட்டார். அவர் கையிலேயே கையேடு இருந்தது. என் குறிப்பைப் படித்துவிட்டு வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். என் குறிப்புகள் ஊருக்கே தமாஷாகிவிட்டன. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கையை விரித்து, “கழுவிட்டோம் சார்!” என்று காட்டுகிறார்கள்.

சிரிக்கட்டும். எஸ்தர் அந்தக் கடைசிக் குறிப்பைத் தனியாகக் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், ‘நீலக் கோட்டைத் தேடுங்கள்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ‘ஓவியர் வைரவன்’ என்று என் பெயரையும் அடித்திருக்கிறாள். கண்டுபிடிக்கும் குழந்தைகளுக்கு ஸ்டிக்கர் பரிசாம். இரண்டாயிரம் பிரதி. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவதற்கு முன்பே ஊர் பார்த்து முடித்திருக்கும்.

சட்டங்கள் வந்து சேர இரவாகுமாம். ஓவிய அறை நாளைக் காலைதான் திறக்கிறார்கள். அந்த ஆள் இதே ஊர்தான், பேகம்பூர்ப் பக்கம் வீடு. இன்றைக்குக் கண்ணில் படவில்லை. நல்லது.

பிப்ரவரி 25, சனி, மதியம்

கண்காட்சி பார்த்தேன். வெயில். தலைவலி. லாட்ஜுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அதே நாள், மாலை

தலைவலி இல்லை. யாரும் படிக்காத நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்ற?

காலை ஒன்பதுக்கே போய்விட்டேன். முதல் சட்டத்தில் பாலத்துக் காட்சி. ஆற்றின்மேல் கூட்ஸ் வண்டி, முப்பத்திரண்டு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் சக்கரம், கம்பி, ஆணி. குனிந்து பார்த்தேன். கறுப்புக்கு அடியில் என் நீலம், மயிரிழை பிசகாமல். பாலத்துத் தூண்களை அந்த ஆள் என் கோட்டின்மேல் அப்படியே ஓட்டியிருந்தார். ஆற்று மணலில் நான் வைத்த புள்ளிகள்கூட இருந்தன. எனக்கு மார்பு விரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, “தெரியுதா?” என்று கேட்டேன். “தெரியுது சார், தெரியுது சார்” என்று கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஏழெட்டுச் சட்டம் தள்ளி, அம்மாவோடு வந்த ஒரு சிறுமி சுவரில் மூக்கு ஒட்டும்படி நின்றுகொண்டிருந்தாள். “அம்மா, இந்த மாமாவுக்கு ரெண்டு மூஞ்சி” என்றாள்.

போய்ப் பார்த்தேன். ரத்தினத்தின் முகம் பெரிதாக வரும் காட்சி அது. கறுப்பில் ரத்தினம் இருந்தான். எல்லாச் சட்டையிலும் இருக்கிற அதே முகம், அதே பார்வை. அதற்கு அடியில், அரை அங்குலம் தள்ளி, நீலத்தில் வேறு ஒருவன் இருந்தான். அவனுடைய இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இல்லை. மூக்கு நேராகப் பார்த்தது, வாய் பக்கவாட்டில் போயிற்று. தாடை பூசணிக்காய். அவன் ரத்தினம் இல்லை. அவன் யாருமே இல்லை.

ஒரு வாரம் அவசரத்தில் போட்டிருப்பேன் என்று அடுத்த சட்டத்துக்குப் போனேன். அதற்கடுத்ததற்குப் போனேன். அறுபதையும் பார்த்தேன். தொப்பி, சட்டைப் பொத்தான், விளக்கு, கொடியைப் பிடித்த விரல்கள் எல்லாம் என் கோட்டின்மேல் இருந்தன. கழுத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ரத்தினம் மட்டுமல்ல, திருடர்கள், ஸ்டேஷன் மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, ஒரு காட்சியில் தண்ணீர் குடிக்கிற பிச்சைக்காரன் வரைக்கும் எல்லா முகத்தையும் அந்த ஆள் புதிதாகப் போட்டிருந்தார். பதினோரு வருஷம், ஒவ்வொரு வாரமும்.

அச்சில் வந்தபோது நான் பார்க்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்முன் போய் நிற்பேன். முதல் வேலையாக ரத்தினத்தின் முகத்தைத்தான் பார்ப்பேன். என் முகம் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பத்தரை மணிக்கு அறை நிரம்பிவிட்டது. எல்லார் கையிலும் கையேடு, எல்லார் கையிலும் விளக்கு. நான் சொன்னபடியே பக்கவாட்டில் பிடித்துக் குனிந்து தேடினார்கள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

“ரயிலு பின்றான்டா.”

“மூஞ்சிதான் கத்துக்குட்டி போட்டாப்ல இருக்கு.”

நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த ஆள் வந்தார். கைத்தடி, வெள்ளைச் சட்டை, கைலி. தாடி முழுக்க நரைத்துவிட்டது. எழுபது தாண்டியிருக்கும். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, “பாத்துட்டியா?” என்றார்.

“பேரை ஏன் எடுத்தீங்க?”

“உக்காருய்யா.”

“நிக்கிறேன். பேரை ஏன் எடுத்தீங்க?”

மைதீன் பாய் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

“மொத வாரமே உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ஒரு நாள் பூரா ஒக்காந்து அந்தப் பாலத்தப் போட்டுக் கொண்டாந்து நிக்கிற. எப்படிய்யா சொல்றது? சரி, மூஞ்சிய மட்டும் நம்மளே மாத்தி ஓட்டிருவோம், அச்சுல பாத்தா இவனே புரிஞ்சுக்குவான்னு விட்டேன். நீ என்னடான்னா, பத்திரிகையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டயே வந்து, ‘பாய், கண்ணுல உயிரு நிக்குது பாத்தீங்களா, நான் போட்ட கண்ணு’ங்கிற. ஒரு வாரமில்ல, ரெண்டு வாரமில்ல. பதினோரு வருஷம்!”

“சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும். சொல்லல. உள்ளுக்குள்ளயே வச்சு வச்சு அது கோவமாப் போச்சு. புத்தகம் போடறப்ப மொதலாளி கேட்டாரு, ரெண்டு பேரு பேரும் வேணுமான்னு. எம்பேரு போதும்னேன்.”

“அயோக்கியத்தனம்.”

“ஆமா.”

ஆமாம் என்று சொல்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் குரலை உயர்த்தினேன். ரயில் யார் போட்டது, பாலம் யார் போட்டது, அதற்கெல்லாம் பெயர் வேண்டாமா, இதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். கையேடும் விளக்குமாக எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“லெட்டர் போட்டேனேய்யா” என்றார். “மூணு. பிரிக்காமத் திருப்பி அனுப்புன.”

உண்மைதான். இந்த நோட்டில் அதை நான் எங்கேயும் எழுதவில்லை. முந்தைய நோட்டுகளிலும் எழுதவில்லை. மூன்றாவது கடிதம் வந்த அன்று, தபால்காரரிடம் ‘பெறுபவர் மறுத்தார்’ என்று நானே உறையில் எழுதிக் கொடுத்தேன்.

லாட்ஜுக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. சுலோச்சனா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு, காலை

பெட்டி கட்டிவிட்டேன். காலை பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுதான் இருந்தேன். எஸ்தர் லாட்ஜுக்கே வந்துவிட்டாள். நேற்றைய சத்தம் அவள் காதுக்கும் போயிருக்கிறது.

“சார், அந்தக் கட்டம் போட்டது நாந்தான். எனக்குத் தெரியாது சார். மனசுல வச்சுக்காதீங்க.”

“எழுதினது நான்” என்றேன்.

“பாராட்டுக் கூட்டத்துக்கு வருவீங்கல்ல?”

“எதுக்கு? கைதட்டவா?”

அழுதுவிடுவாள்போல இருந்தது. அதற்காகவே, சரி, வருகிறேன் என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கறை பட்ட சட்டைதான் இருக்கிறது.

சுலோச்சனாவோடு பேசினேன். முகம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அந்தக் கேட்காததில் தெரிந்தது. அதற்கும் ஒரு கோபம் வந்தது.

அதே நாள், மாலை, ஜங்ஷன் பிளாட்பாரம்

வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு சிவப்பு சோபா, கல்யாண வரவேற்புக்குப் போடுவது. அதில் மைதீன் பாய் மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ‘முகம் தந்தவர்’ என்று ஒன்பது தடவை வந்தது. எண்ணினேன். பிறகு கேள்வி நேரம் என்று மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள்.

கரூர்க்காரர் எழுந்தார். ஒரு கையில் கையேடு, இன்னொரு கையில் அந்தப் பை.

“கையேட்டுல, நீலக் கோடுதான் வரைஞ்சவரோட கைன்னு வைரவன் சார் போட்டிருக்காரு. நாங்களும் அறுபது படத்தையும் பாத்தோம். முகத்துல மட்டும் நீலம் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் போகுது. அப்ப ரத்தினத்தோட முகம் யாரோடது சார்?”

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. இந்தக் கேள்வியைக் கேட்க நான் முன்னூறு மைல் வந்தேன். இன்னொருவன் கேட்டுவிட்டான், பதிலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மைதீன் பாய் மைக்கை வாங்கினார். என்னைத் தேடினார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முகம் வைரவனோடது. அவரு பென்சில்ல தோராயமாத்தான் வைப்பாரு. அப்பறம் எம்பக்கத்துல வந்து ஒக்காந்துக்கிட்டு, ‘பாய், கண்ண இப்படி எடுங்க, தாடைய இப்படி இழுங்க’ன்னு சொல்லுவாரு. சொன்னபடி நான் மை ஓட்டினேன். அவ்வளவுதான். ரத்தினத்துக்கு முகம் குடுத்தவரு அந்தா கடைசி வரிசைல ஒக்காந்திருக்காரு. புத்தகத்துல அவரு பேரு விட்டுப்போனது என் தப்பு. இந்தப் பொன்னாடை அவருக்குத்தான் போடணும்.”

கூரை பிய்த்துக்கொண்டு போகும்போலக் கைதட்டினார்கள். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னாடையோடு என்னை நோக்கி வந்தாள். முன்னால் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். இருபத்தொன்பது வருஷம் நான் மனசுக்குள் நடத்திப் பார்த்த கூட்டம் இதுதான். இதே கைதட்டல், அந்த ஆள் வாயாலேயே இதே ஒப்புதல். ஒன்றுகூடக் குறையவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பேரைப் பறித்தபோதுகூட என்னை ஓர் ஆளாக மதித்துத்தான் பறித்தார். இப்போது இரக்கப்பட்டு முகத்தைத் தூக்கிப் போடுகிறார், நான் பொறுக்கிக்கொண்டு போக வேண்டுமாம்.

எஸ்தரைத் தாண்டி நடந்து மேடை ஏறினேன். பொன்னாடை வாங்கத்தான் வருகிறேன் என்று இன்னும் தட்டினார்கள். பாய் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். கிட்டத்தட்டப் பிடுங்கினேன்.

“பாய் பொய் சொல்றாரு.”

கைதட்டல் நின்றது.

“நான் ஒரு நாளும் இவரு பக்கத்துல ஒக்காந்து எதுவும் சொன்னதில்ல. எனக்கு முகம் வராது. நீலத்துல இருக்கிறதுதான் நான் போட்ட முகம், எல்லாரும் பாத்தீங்கல்ல? ரத்தினம் முகமும், மத்த அத்தனை முகமும் இவரு போட்டது. என் பேரை எடுத்தாரு. அது அயோக்கியத்தனம், அதுக்கு நான் இவர மன்னிக்கல. முகம் இவரோடது.”

பாய் என் கையைப் பிடித்து மைக்கைக் கீழே அழுத்தினார். முகம் சிவந்திருந்தது.

“குடுத்தா வாங்கிக்கவும் தெரியாதாய்யா உனக்கு?”

“குடுக்க நீங்க யாரு?”

“இருபத்தொம்போது வருஷம் கழிச்சு இதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?”

“இல்ல. வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்.”

அவர் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

எஸ்தர் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போது முன்வரிசையில் நேற்றைய சிறுமி கையைத் தூக்கினாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. நெற்றியில் பரிசு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கூட்ஸ் வண்டியில் அத்தனை பெட்டி இருக்கிறதே, கடைசிப் பெட்டி வரைக்கும் எப்படிக் கோணாமல் வருகிறது, அதை யார் போட்டது என்று கேட்டாள்.

பாய் என் பக்கம் கையைக் காட்டினார். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், “அது நான்” என்றேன்.